ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் கூட வந்த பழைய ஸ்விஃப்ட் டீசல்

2019 ஜூலையில் வாங்கும்போது என் ஸ்விஃப்ட் விடிஐ மீட்டரில் 71,000 கிலோமீட்டர் இருந்தது. போன வாரம் டீசல் போடும்போது பார்த்தேன், 2,24,000. 2013 மாடல், டிஎன் 23 வண்டி, நான் இரண்டாவது ஓனர். வீடு வேலூர் சத்துவாச்சாரியில், வேலை ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில். போக வர 105 கிலோமீட்டர், வாரத்துக்கு ஐந்து நாள். "பழைய டீசல் வண்டி வாங்கலாமா?" என்று நிறைய பேர் கேட்கிறார்கள். தினமும் எவ்வளவு ஓட்டுவீர்கள் என்று தெரியாமல் அதற்கு நான் பதில் சொல்வதில்லை.

அப்போது என் மனதில் மூன்று வண்டி இருந்தது. ஃபோர்டு ஃபிகோ 1.5 டீசல், டொயோட்டா எட்டியோஸ் லிவா 1.4 டீசல், அப்புறம் இந்த ஸ்விஃப்ட். ஓட்டிப் பார்த்ததில் மனதை அள்ளியது ஃபிகோதான். 100 பிஎஸ் சக்தி, 215 என்எம் டார்க், அதாவது இழுவை. பள்ளிகொண்டா சுங்கச்சாவடி தாண்டி மிதித்தால் அப்படியே பாய்ந்தது. ஆனால் அதில் வால்வையும் பிஸ்டனையும் ஒரே தாளத்தில் ஓடவைப்பது டைமிங் பெல்ட். பழைய வண்டியில் பெல்ட்டை எப்போது மாற்றினார்கள் என்பதற்கு ரசீது வேண்டும், பார்த்த இரண்டு வண்டியிலும் ரசீது இல்லை. பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும், என்ஜினையே இறக்க வேண்டியதுதான். லிவாவின் 68 பிஎஸ் என்ஜின் அலட்டிக்கொள்ளாது, ஓடிக்கொண்டே இருக்கும். அதனாலேயே வாடகைக்கு ஓட்டுகிறவர்களுக்குப் பிடித்த வண்டி. நான் பார்த்த ஒன்றில் மஞ்சள் போர்டிலிருந்து வெள்ளைக்கு மாற்றிய விவரம் ஆர்சியிலேயே இருந்தது. வாடகைக்கு ஓடிய வண்டியின் மீட்டரோ வெறும் 60,000 காட்டியது. கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

ஸ்விஃப்டில் இருப்பது ஃபியட்டின் 1.3 மல்டிஜெட். 1248 சிசி, 75 பிஎஸ், 190 என்எம். இதே என்ஜின்தான் ரிட்ஸ், டிசையர், ஃபியட் புன்டோ, டாடா இண்டிகா விஸ்டா எல்லாவற்றிலும் வந்தது. அதனால் ஊருக்கு ஊர் இதன் கையும் காலும் தெரிந்த மெக்கானிக் இருக்கிறார், பாகமும் கிடைக்கிறது. டைமிங் செயின், பெல்ட் இல்லை. ஆனால் "செயின்தானே, ஆயுசுக்கும் வரும்" என்று இருந்துவிடக் கூடாது. அந்தச் செயினுக்கும் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனருக்கும் என்ஜின் ஆயில்தான் உயிர். ஆயில் கெட்டியாகிக் கருகினால் செயின் தளரும், காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது முன்பக்கம் சலசலக்கும். நான் 8,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை ஆயில் மாற்றுகிறேன், ஃபில்டரோடு சேர்த்து. இன்றுவரை செயினில் கை வைக்கவில்லை.

வாங்கிய கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நான் செய்ததில் உருப்படியான காரியம் அதுதான். முதலில் பார்த்த ஸ்விஃப்ட் ஒரு புரோக்கரிடம் இருந்தது. புது பெயிண்ட், புது சீட் கவர். காலை ஏழரை மணிக்கு வரச் சொல்லியிருந்தார். போனதும் பானெட்டில் கை வைத்தேன், சுட்டது. "இப்பதான் சார் கழுவ எடுத்துட்டுப் போனோம்" என்றார். டீசல் வண்டியின் உண்மை ராத்திரி முழுக்க நின்ற பிறகு போடும் முதல் ஸ்டார்ட்டில்தான் தெரியும். குளிர்ந்த என்ஜினைச் சூடாக்கும் குளோ பிளக், டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர், காற்றை அழுத்தும் கம்ப்ரஷன் எது பழுதானாலும் அந்த முதல் பத்து விநாடியில் காட்டிக்கொடுத்துவிடும். மறுநாள் ஆறு மணிக்கு வருகிறேன், அதுவரை தொடாதீர்கள் என்றேன். ராத்திரியே போன் வந்தது, வண்டி விற்றுவிட்டதாம்.

இன்னொருவர் டெல்லி வண்டி காட்டினார். அங்கே 10 வருஷம் தாண்டிய டீசலுக்குத் தடை வந்ததால் மலிவாகக் கிடைக்கிறது என்றார். விலை மலிவுதான். என்ஓசி என்ற தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே சாலை வரி கட்டி, நம்பர் மாற்றி முடிப்பதற்குள் அந்த மலிவு எங்கே போகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்து விட்டுவிட்டேன்.

கடைசியில் குடியாத்தத்தில் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் ஒருவரின் வண்டி. என் மெக்கானிக் அண்ணனையும் கூட்டிக்கொண்டு விடியற்காலையில் போனேன். பானெட் சில்லென்று இருந்தது. சாவியைத் திருப்பி, குளோ பிளக் விளக்கு அணையும்வரை காத்திருந்து ஸ்டார்ட் பண்ணினோம். ஒரே சுற்றில் பிடித்தது. லேசான புகை, உடனே தெளிந்துவிட்டது. அண்ணன் ஆயில் மூடியைத் திறந்து, தலைகீழாக அந்த வாய்மேல் வைத்தார். மூடி மெல்ல அதிர்ந்தது, துள்ளவில்லை. "பேக் கம்ப்ரஷன் இல்ல, எடுத்துக்கலாம்" என்றார். பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் அந்த மூடி ஆடிக் கீழே விழும், புகையும் குபுகுபுவென வரும். பிறகு சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தார். வெள்ளத்தில் நின்ற வண்டியில் பெல்ட்டின் அடிமுனையில் சேற்றுக் கறை இருக்கும். மேலே எவ்வளவு கழுவினாலும் அங்கே யாரும் கழுவுவதில்லை. இதில் சுத்தமாக இருந்தது.

அதற்குள் சார் உள்ளே போய் ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து வந்தார். நாற்பது பக்க நோட்டு, அட்டைக்குப் பிரவுன் பேப்பர் போட்டிருந்தது. வாங்கிய நாளிலிருந்து டீசல் போட்ட தேதி, லிட்டர், கிலோமீட்டர், ஆயில் மாற்றிய தேதி எல்லாம் நீல மையில் இருந்தது. சர்வீஸ் நடந்த வரிகளுக்கு மட்டும் சிவப்புக் கோடு. "தம்பி, இதையும் சேர்த்து எடுத்துக்கோங்க" என்றார். பேரம் பேச மனசு வரவில்லை. 4,10,000 கொடுத்தேன். அவர் வங்கிக் கடனை முன்பே அடைத்துவிட்டிருந்தாலும் ஆர்சியில் அடமானக் குறிப்பு அப்படியே இருந்தது. வங்கியின் என்ஓசியோடு படிவம் 35 கொடுத்து அதை நீக்கினோம், பிறகு படிவம் 29, 30 போட்டு என் பெயருக்கு மாற்றினோம். முழுப் பணத்தையும் கொடுப்பதற்கு முன்னால் அடமான வேலையை முடித்துவிடுங்கள்.

இனி ஓட்டிய அனுபவம். 1,800 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு என்ஜின் சுற்றும் சுற்று) வரை இந்த என்ஜின் தூங்கும். 2,000 தொட்டால் வேறு வண்டி. நெடுஞ்சாலையில் இது சுகம், ஊருக்குள் தொல்லை. காட்பாடி மேம்பாலத்தில் பஸ்ஸுக்குப் பின்னால் மூன்றாவது கியரில் ஏறினால் பாதியில் மூச்சு வாங்கும், யோசிக்காமல் இரண்டாவதுக்கு வந்துவிட வேண்டும். ஏலகிரி ஏறும்போது 14 கொண்டை ஊசி வளைவிலும் இதே பாடம்தான். டேங்க் நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிக் கணக்கிட்டால் ஆம்பூர் ஓட்டத்தில் லிட்டருக்கு 21, வேலூருக்குள் மட்டும் ஓடினால் 15. கம்பெனி சொன்ன 22.9-க்கு இத்தனை வயதிலும் இவ்வளவு பக்கத்தில் நிற்பது எனக்குப் பெருமையாகவே இருக்கிறது.

என்னைக் கலங்கடித்தது ஒரே ஒரு சம்பவம். 2022-இல், 1,40,000 கிலோமீட்டர் வாக்கில், திடீரென்று பிக்கப் போய்விட்டது. மிதித்தால் கறுப்புப் புகை, உஸ்ஸென்று ஒரு சத்தம். வழியில் ஒரு பட்டறையில் காட்டினேன். பானெட்டைத் திறந்த இரண்டாவது நிமிடம் "டர்போ போயிடுச்சு, 35,000 ஆகும்" என்றார்கள். மனசு ஒப்பவில்லை. மெதுவாகவே ஓட்டி அண்ணனிடம் கொண்டுவந்தேன். அவர் என்னை உள்ளே உட்காரவைத்து ரேஸ் கொடுக்கச் சொல்லிவிட்டு, இன்டர்கூலர் ஹோஸ் நெடுகக் கையைத் தடவிக்கொண்டே போனார். கிளாம்ப்புக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில், விரல் நீளத்துக்கு ரப்பர் வெடித்திருந்தது. சுற்றிலும் ஆயில் ஈரம், அதில் புழுதி ஒட்டிக் கறுப்புப் பிசினாகியிருந்தது. டர்போ அழுத்திய காற்று என்ஜினுக்குப் போகாமல் வெளியே போனால் டீசல் முழுதாக எரியாது, புகை வரத்தான் செய்யும். ஹோஸும் கூலியும் சேர்த்து 2,800 ரூபாயில் முடிந்தது. டர்போ இன்றும் அதேதான். நீண்ட தூரம் ஓட்டி நிறுத்தும்போது ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு அணைக்கிறேன், அது தாங்குவதற்கு அதுவும் ஒரு காரணம்.

மற்றதெல்லாம் வயதுக்கு வந்த செலவுகள். 1,22,000-இல் கிளட்ச் செட். லோவர் ஆர்ம் இரண்டு முறை, ஷாக் அப்சார்பர் ஒரு முறை, பேட்டரி மூன்று. வேலூர் கத்திரி வெயிலில் பேட்டரி மூன்று வருஷம் தாண்டுவதே பெரிய விஷயம். மே மாதம் மதியம் கிரீன் சர்க்கிள் நெரிசலில் நின்றால் ஏசி திணறும். ஏப்ரலிலேயே கண்டென்சரைத் தண்ணீர் அடித்துக் கழுவி, கூலன்ட்டும் பார்த்துவிடுவேன். டிக்கி சின்னது, குடும்பத்தோடு திருப்பதி போனால் பைகள் மடியில்தான்.

பிஎஸ் 6 என்ற புகை மாசு விதி வந்தபோது, 2020 ஏப்ரலோடு மாருதி டீசலையே நிறுத்திவிட்டது. ஆகவே சந்தையில் இருக்கும் எந்த ஸ்விஃப்ட் டீசலும் அதற்கு முந்தையதுதான், வருஷம் போகப் போக நல்ல வண்டி குறையும். பெட்ரோலுக்கும் டீசலுக்கும் இப்போது லிட்டருக்கு 8 ரூபாய் அளவில்தான் வித்தியாசம். என் கணக்கில் கிலோமீட்டருக்கு டீசலில் 4 ரூபாய் 40 காசு. மச்சான் பெட்ரோல் ஸ்விஃப்ட் வைத்திருக்கிறார், அவருக்கு 6 ரூபாய்க்கு மேல். வருஷம் 25,000 கிலோமீட்டர் ஓடும் எனக்கு 40,000 ரூபாய் மிச்சம். 4,000 ஓடுகிறவருக்கு 6,500 தேறினால் அதிகம், ஒரு டீசல் சர்வீஸிலேயே அது கரைந்துவிடும்.

போன மாதம் தங்கச்சி கேட்டாள், "அண்ணா, நீ புது வண்டி எடுத்தா இதை எனக்குக் குடுத்துடறியா?" அவள் பாகாயத்திலிருந்து டவுனுக்கு வேலைக்குப் போகிறாள், போக வர 14 கிலோமீட்டர். என்ஜின் சூடேறுவதற்குள் இடம் வந்துவிடும். உனக்கு டீசல் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சேண்பாக்கத்தில் கை மாறாத வேகன் ஆர் பெட்ரோல் ஒன்று இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு வருகிறோம், அதுவரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று ஓனரிடம் சொல்லியிருக்கிறேன்.