வீட்டில் நடத்தும் கிரெச்சுக்குத் தீப் பாதுகாப்பு: காசை முதலில் எதில் போடுவது?

வடசென்னையில் வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை பக்கம் வீட்டிலேயே ஐந்தாறு பிள்ளைகளை வைத்துப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். காலையில் விட்டுப் போகும் அம்மா வேலை முடிந்து பொழுது சாய்ந்துதான் வருவார். காசிமேட்டில் மீன் ஏலத்துக்குப் போகிறவர்கள் விடியும் முன்பே தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து விடுவதும் உண்டு. இந்த வீடுகளில் தீப் பாதுகாப்பு என்று பேச்செடுத்தாலே, "எந்த ஃபயர் சிலிண்டர் வாங்கி மாட்டலாம்?" என்றுதான் கேட்கிறார்கள். அதுவும் வேண்டும். ஆனால் என் கணக்கில் அது மூன்றாவது செலவு. முதலில் கதவு, அடுத்து அலாரம், அதற்கப்புறம்தான் தீயை அணைக்கும் அந்தச் சிவப்பு சிலிண்டர்.

பூட்டா, தாழ்ப்பாளா?

கொருக்குப்பேட்டையில் எனக்குத் தெரிந்த ஒரு அக்கா கிரில் கேட்டில் பூட்டு போட்டு, சாவியை உள்ளே ஆணியில் மாட்டி வைத்திருந்தார். கேட்டதற்கு, "இன்னாம்மா பண்றது, தொறந்து வுட்டா ரோட்டுக்கு ஓடிடுதுங்க, ஆட்டோ வேற வேகமா வருது" என்றார். அவர் பயம் நியாயமானது. பிள்ளை தெருவுக்கு ஓடுவது தினமும் நடக்கக்கூடியது, தீ எப்போதாவது வருவது. அதனால் "கேட்டைத் திறந்தே வையுங்கள்" என்று சொல்வதில் அர்த்தமில்லை.

பூட்டுக்குப் பதில் தாழ்ப்பாள் போடலாம். பெரியவர்களின் தோள் உயரத்தில், உள்பக்கமாக, சாவியே வேண்டாத தாழ்ப்பாள். மூன்று வயதுப் பிள்ளைக்கு எட்டாது. வெளியிலிருந்து யாரும் கையை விட்டுத் திறந்துவிடாமல் இருக்க, அந்த இடத்தில் மட்டும் கிரில்லுக்குப் பின்னால் ஒரு தகடு வைத்து வெல்டிங் செய்துவிட்டால் போதும். புகை சூழ்ந்த இருட்டில் ஆணியைத் தடவி, சாவியை எடுத்து, அது பூட்டின் துளைக்குள் நுழைகிறதா என்று பார்க்கும் நேரம் இதில் மிச்சம்.

மாட்டிய பிறகு, ஒரு பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மற்ற கையால் மட்டும் திறந்து பாருங்கள். இழுக்க இரண்டு கை தேவைப்பட்டால் அந்தத் தாழ்ப்பாள் உதவாது. நம் பக்கம் உப்புக்காற்று வேறு. ராயபுரம், காசிமேடு வீடுகளில் புதுத் தாழ்ப்பாளும் சீக்கிரமே துருவேறி இறுகிவிடும். வாரம் ஒரு முறை இரண்டு சொட்டு மெஷின் ஆயில் விட வேண்டும். அதே வெல்டிங் ஆளை வைத்து, பிள்ளைகள் தூங்கும் அறையின் ஜன்னல் கிரில்லில் ஒரு பகுதிக்குக் கீல் போட்டுத் திறக்கிற மாதிரி செய்துவிட்டால் இரண்டாவது வழியும் கிடைத்துவிடும்.

கீழ் வீடா, மாடியா?

மாடிக்கு ஆதரவாகச் சொல்ல விஷயம் இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வடசென்னையில் கீழ் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மாடியில் காற்றும் வரும், கொசுவும் கொஞ்சம் குறைவு. இருந்தாலும் நான் கீழ் வீட்டையே சொல்வேன். மழைக்கு முன்கூட்டியே எச்சரிக்கை வந்துவிடும், அன்றைக்கு லீவு விட்டுவிடலாம். தீ அப்படிச் சொல்லிவிட்டு வருவதில்லை.

நம் பக்கத்து மாடிப்படியை நினைத்துப் பாருங்கள். ஒற்றைப் படி, அதுவும் குறுகல். படிக்குக் கீழே ஈபி மீட்டர் பெட்டி, பழைய செருப்பு, சைக்கிள். இப்போது கூடவே சார்ஜ் ஏறுகிற எலெக்ட்ரிக் ஸ்கூட்டர். அங்கே பற்றினால் புகை மேலே ஏறும் வழியும் பிள்ளைகள் இறங்கும் வழியும் ஒன்றே. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியில் 94 பிள்ளைகளைப் பறிகொடுத்தோம். சமையல்கூடத்தில் பற்றிய தீ கீற்றுக் கூரைக்குத் தாவியது, மாடியில் இருந்த சின்னப் பிள்ளைகளால் குறுகிய படி வழியே தப்பிக்க முடியவில்லை. மொட்டை மாடியில் கீற்றுக் கொட்டகை போட்டு "பசங்க விளையாட நல்லா குளுகுளுனு இருக்கும்" என்று நினைப்பவர்கள் அந்த நாளை ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும்.

எத்தனை பிள்ளை என்ற கேள்வியும் இதோடு சேர்ந்ததுதான். அமெரிக்காவில் பின்பற்றும் என்எஃப்பிஏ 101 என்ற விதித்தொகுப்பு, வீட்டில் நடத்தும் சிறிய காப்பகத்தில் ஒருவர் ஆறு பிள்ளைகள் வரை பார்க்கலாம் என்கிறது. தன் சொந்தக் குழந்தைகளில் ஆறு வயதுக்கு உட்பட்டவர்களும் அந்தக் கணக்கில் வருவார்கள். அந்த ஆறில், தானாக வெளியேற முடியாதவர்கள் இரண்டு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. ஒரு பெண்ணால் ஒரே நேரத்தில் தூக்க முடிவது இரண்டு கைக்குழந்தைதான். அது அந்த ஊர் விதி, நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் மூன்றாவது கைக்குழந்தைக்குச் சரி சொல்லும் முன், கூட ஒரு ஆள் இருக்கிறாரா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

கேமராவா, அலாரமா?

பெற்றோர் கேட்பது கேமரா. போனில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளலாம், மனசுக்கு நிம்மதி. ஆனால் கொசுவத்திச் சுருள் சரிந்து பாயில் விழுந்து கனன்று கொண்டிருக்கும்போது, மத்தியானத் தூக்கத்தில் இருப்பவரைக் கேமரா எழுப்பாது. இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு என்றால் அலாரம் வாங்குங்கள். தூங்கும் அறைக் கூரையில் ஃபோட்டோ எலெக்ட்ரிக் வகை புகை அலாரம், பேட்டரியில் ஓடுவது. தழல் இல்லாமல் புகைந்துகொண்டிருக்கும் தீயை இந்த வகை சீக்கிரம் கண்டுபிடிக்கும். சமையலறையில் இதையே மாட்டினால் மிளகாய் தாளிக்கும்போதெல்லாம் அலறும், நாலாம் நாள் பேட்டரியைக் கழற்றி வைத்துவிடுவீர்கள். அங்கே வெப்ப அலாரம்தான் சரி. மாதம் ஒரு முறை டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். பிள்ளைகளும் அந்தச் சத்தத்துக்குப் பழகி, கேட்டதும் வாசலுக்கு வரக் கற்றுக்கொள்ளும்.

பவுடரா, கார்பன் டை ஆக்சைடா?

ஏபிசி பவுடர் நிரப்பிய தீயணைப்பு சிலிண்டர் துணி, மரம், மண்ணெண்ணெய், கேஸ் எல்லாத் தீக்கும் ஆகும், மின்சாரச் சாமான் மேலும் அடிக்கலாம். விலையும் குறைவு. குறை என்னவென்றால் அடித்ததும் அறை முழுக்க வெள்ளைப் புழுதி, கண் தெரியாது, மூச்சு இழுக்கும். அதனால் பிள்ளைகள் எல்லாரும் வெளியே போன பிறகுதான் பின்னைப் பிடுங்க வேண்டும். பஞ்சு மெத்தையில் மேல் தீயை அணைத்தாலும் உள்ளே கனன்று மறுபடி பற்றும். வெளியே இழுத்துப் போட்டுத் தண்ணீர் ஊற்றியே தீர வேண்டும்.

கார்பன் டை ஆக்சைடு கறை விடாது, மின்சாரத் தீக்கு அருமையானது. ஆனால் பத்துக்குப் பத்து அறையில் அடித்தால் மூச்சுக்கு வேண்டிய காற்றையே தள்ளிவிடும், துணித் தீயைச் சரியாக அணைக்காது, விலையும் பவுடரைவிடப் பல மடங்கு. அதில் பிரஷர் காட்டும் முள் கிடையாது, எடை போட்டுத்தான் காலியா என்று பார்க்க முடியும். வீட்டு கிரெச்சுக்கு என் தேர்வு ஐஎஸ்ஐ முத்திரை உள்ள 4 கிலோ ஏபிசி. தூக்கக் கஷ்டமாக இருந்தால் 2 கிலோ. முள் பச்சையில் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள். மாட்ட வேண்டிய இடம் வாசல் பக்கம். அடுப்புக்குப் பின்னால் மாட்டினால் தீயைத் தாண்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

தீயில் உருட்டிவிட்டால் தானே வெடித்து அணைக்கும் பந்தும் கடைகளில் கிடைக்கிறது. அதை மீட்டர் பெட்டிக்கு மேல் மாட்டலாம், அதோடு சரி. வடைச்சட்டி எண்ணெய் பற்றினால் இது எதுவும் வேண்டாம். அடுப்பை அணைத்து, பெரிய மூடி போட்டு மூடி, ஆறும்வரை திறக்காமல் விடுங்கள். தண்ணீர் மட்டும் ஊற்றவே கூடாது.

கேஸா, இண்டக்ஷனா?

பிள்ளைகள் இருக்கும் நேரத்தில் பாலும் கஞ்சியும் சூடாக்க இண்டக்ஷன் நல்லது, தழல் இல்லை. 2000 வாட் அடுப்பு ஒன்பது ஆம்பியர் வரை இழுக்கும் என்பதால் 16 ஆம்பியர் பிளக்கில் மட்டும் போடுங்கள், எக்ஸ்டென்ஷன் பெட்டி கூடாது. கேஸ்தான் என்றால் சமைத்து முடித்ததும் ரெகுலேட்டரை மூடுங்கள், ரப்பர் டியூபை ஐந்து வருடத்துக்குள் மாற்றுங்கள். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, தரையோடு படியும். பிள்ளைகள் பாய் போட்டுப் படுத்திருப்பதும் அதே தரையில்தான். வாடை வந்தால் சுவிட்ச் எதையும் தொடாமல் பிள்ளைகளை வெளியே கொண்டுபோய்விட்டு 1906-க்கு போன் செய்யுங்கள்.

கேஸ் சிலிண்டர் இருக்கும் அறையில் தீ பிடித்துவிட்டால் அணைக்கிற எண்ணத்தையே விட்டுவிட வேண்டும். 2017 ஜூலையில் கொடுங்கையூரில் தீப்பிடித்த பேக்கரியில் சிலிண்டர் வெடித்தபோது உயிர்விட்டவர்களில் தீயணைப்பு வீரரும் ஒருவர், வேடிக்கை பார்க்க நின்றவர்கள் பலர் காயப்பட்டார்கள். பிள்ளைகளைத் தெருமுனை வரை கூட்டிப் போங்கள், வருகை நோட்டை எடுத்துத் தலை எண்ணுங்கள், 101-க்கு போன் போடுங்கள். சந்துக்குள் வண்டி நுழைய, குறுக்கே நிற்கும் பைக்குகளை எடுக்கச் சொல்லவும், மெயின் ரோட்டில் நின்று வழி காட்டவும் பக்கத்து வீட்டு அண்ணன் ஒருவரிடம் இன்றைக்கே பேசி வைத்துவிடுங்கள்.