எஸ்டிஐ-யை "வரம்புக்கு வெளியே கழித்துத் தருகிறேன்" என்றால் நம்பாதீர்கள்

கலிஃபோர்னியாவில் சம்பளம் வாங்குபவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். எஸ்டிஐ என்பது உடல்நலக் குறைவால் வேலை செய்ய முடியாதபோது உதவும் மாநிலக் காப்பீட்டுக்காகச் சம்பளத்தில் பிடிக்கும் தொகை.

2023 ஜூலையில் வேலை மாறினேன். கையில் இரண்டு டபிள்யூ-2 (கம்பெனி தரும் வருடாந்திரச் சம்பளப் படிவம்). பாக்ஸ் 14-ல் எஸ்டிஐ பிடித்தம் ஒன்றில் 855 டாலர், மற்றதில் 810. தெரிந்தவர் சொன்னாரென்று ஃப்ரீமாண்டில் ஒருவரிடம் டாக்ஸ் ஃபைல் பண்ணக் கொடுத்தேன். "தம்பி, இதைப் பத்தாயிரம் வரம்புல மாட்டாம கழிச்சுத் தர்றேன், மத்தவங்களுக்கு இது தெரியாது" என்றார். 450 டாலர் வாங்கிக்கொண்டார்.

ஃபெடரல் வரிக் கணக்கில் எஸ்டிஐ மாநில வருமான வரியோடு சேர்ந்தது. கழிவுகளைப் பட்டியலிடும் ஷெட்யூல் ஏ படிவத்தில் 5ஏ என்ற வரியில்தான் போட வேண்டும். மாநில வரி, வீட்டு வரி எல்லாம் சேர்த்து அப்போது 10,000 டாலர்தான் வரம்பு. எங்களுக்கு அந்த இரண்டும் சேர்ந்தே அதைத் தாண்டிவிட்டதால் எஸ்டிஐயால் ஒரு காசும் குறைந்திருக்காது. அவரோ மொத்தம் 1,665 டாலரையும் வரம்பே இல்லாத 6-ஆம் எண்ணில், "இதர வரிகள்" என்று எழுதிவிட்டார். அங்கிருந்து அது மாநில ரிட்டர்னிலும் கழிவாக ஏறிவிட்டது. எஸ்டிஐயைக் கழிக்க கலிஃபோர்னியா அனுமதிப்பதே இல்லை!

உண்மையில் எனக்கு வரவேண்டிய பணத்தை அவர் கேட்கவே இல்லை. 2023-ல் எஸ்டிஐ 0.9 சதவீதம், ஒருவருக்கு அதிகபட்சம் 1,378.48 டாலர். இரண்டு கம்பெனியும் சேர்ந்து கூடுதலாகப் பிடித்த 286.52 டாலரை ஃபார்ம் 540-ல் (கலிஃபோர்னியா மாநில ரிட்டர்ன்) திரும்பக் கேட்டிருக்க வேண்டும். (2024 முதல் சம்பள உச்சவரம்பு எடுக்கப்பட்டுவிட்டதால் இந்தக் கூடுதல் பிடித்தம் இனி வராது.)

ஃபெடரல் ரிட்டர்னான 1040-இன் இரண்டாம் பக்கத்தைப் பார்த்தபோதுதான் வயிறு கலங்கியது. தயாரித்தவர் கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் "செல்ஃப் பிரிப்பேர்டு", அதாவது நானே தயாரித்தது என்று இருந்தது. காசு வாங்கித் தயாரிப்பவர் தன் பிடின் (வரி தயாரிப்பாளர் அடையாள) எண்ணோடு கையெழுத்திட வேண்டும் என்பது சட்டம். கிரீன் கார்டுக்குக் காத்திருக்கிற என் பெயர் மட்டும்தான் அதில் இருந்தது.

இரண்டு ரிட்டர்னையும் நானே திருத்தி அனுப்பினேன். ஃபெடரலுக்குக் கூடுதலாக 366 டாலர் கட்டினேன், மேலே வட்டி. அவருக்கு ஃபோன் செய்தால், "எல்லாருக்கும் இப்படித்தான் போடறேன், யாருக்கும் ஒண்ணும் வரல" என்கிறார். அவரிடம் கொடுத்த மற்றவர்களை நினைத்தால்தான் கவலையாக இருக்கிறது.

2025 கணக்குக்கு வரம்பு 40,000 டாலர். இனி பலருக்கு ஃபெடரலில் எஸ்டிஐ 5ஏ-விலேயே முறையாகக் கழியும். பாக்ஸ் 14-ல் விபிடிஐ என்று இருந்தால் அது எஸ்டிஐக்குப் பதிலாகக் கம்பெனி நடத்தும் சொந்தத் திட்டம். அதைக் கழிக்க முடியாது.