குவில்ட்டைக் கவிழ்த்துப் போட்டுத் தைத்த ஆறு வருடம்

முதல் தடவை இப்படிச் செய்ததற்குக் காரணம் சோம்பேறித்தனம். குவில்ட், அதாவது நடுவில் பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வை. அதன் முன்பக்கத்தில் சாக்பீஸால் கோடு போடு, அதன்மேல் தை, அப்புறம் கோட்டைத் தட்டித் தட்டி அழி என்று அலுத்துப்போயிருந்த நேரம். பின்பக்கத்துக்கென்று எடுத்து வைத்திருந்த துணியில் உள்ளங்கை அகலப் பூக்கள், விளிம்பெல்லாம் பளிச்சென்று. கோடுதான் ஏற்கெனவே அச்சாகிக் கிடக்கிறதே என்று குவில்ட்டைக் கவிழ்த்துப் போட்டுப் பூவின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டே தைத்துவிட்டேன். திருப்பிப் பார்த்தால், வெறும் சதுரங்களை ஒட்டிய முன்பக்கத்தில் கையால் வரைந்த மாதிரி நான்கு பூக்கள். அன்றிலிருந்து ஆறு வருடத்தில் 11 குவில்ட் இப்படித்தான் முடித்திருக்கிறேன். இரண்டைப் பாதியில் பிரித்தும் இருக்கிறேன்.

மேல்துணி, நடுவில் பஞ்சு, அடியில் பின்துணி: இந்த மூன்றையும் சேர்த்துப் பிடிக்கிற தையல்தான் குவில்டிங். நான் செய்வது ஃப்ரீ மோஷன். மிஷினில் துணியைத் தள்ளும் பற்களை இறக்கிவிட்டு, துணியை இறுக்கி அழுத்தாத டார்னிங் ஃபுட் என்ற பாதத்தை மாட்டி, கையாலேயே துணியை நகர்த்துவது. கவிழ்த்துப் போட்டதும் முக்கியமான ஒன்று தலைகீழாகிவிடும். நல்ல பக்கத்தில் தெரியப்போவது பாபின் நூல்தான், அதாவது மிஷினுக்கு அடியில் சின்ன உருளையில் சுற்றி வைக்கும் நூல். இது மண்டையில் ஏறவே எனக்கு ஒரு முழு குவில்ட் தேவைப்பட்டது. ஊசியில் அழகான பச்சை நூலைக் கோத்துவிட்டு, பாபினில் மிச்சம் கிடந்த வெள்ளையைப் போட்டிருந்தேன். பச்சையெல்லாம் யாரும் பார்க்காத பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

டென்ஷன், அதாவது நூலின் இறுக்கம், அதிலும் இதே கதை. வளைவில் கையை வேகமாக இழுத்தால் அடிப்பக்கத்தில் நூல் கண்இமை மயிர்போலச் சின்னச் சின்ன வளையமாக நிற்கும். வழக்கமாக அது பின்பக்கத்தில் ஒளிந்துகொள்ளும், நாமும் கண்டுகொள்ள மாட்டோம். கவிழ்த்துத் தைக்கும்போது அடிப்பக்கம்தான் முகம். அதனால் இப்போது ஒவ்வொரு தடவையும் அதே துணி, அதே பஞ்சில் ஒரு சாண் துண்டு தயார் செய்து, வட்டமும் கூர்முனையும் தைத்துப் பார்க்காமல் தொடங்குவதில்லை. அடியில் வளையம் தெரிந்தால் மேல்நூலை அரைப் புள்ளி இறுக்குவேன். அப்படியும் நிற்காவிட்டால் தப்பு மிஷினில் இல்லை, என் கை வேகத்தில்.

பார்க்காமல் தைப்பதற்கான விலையைக் கொடுத்தது மூன்றாவது குவில்ட்டில். பெரிய இலை ஒன்றை முடித்துவிட்டுத் தூக்கினேன், கூடவே ஒரு மூலையும் எழுந்து வந்தது. முன்பக்க பார்டர் அடியில் மடிந்து போயிருக்கிறது, அதையும் சேர்த்து அடித்திருக்கிறேன். அங்குலத்துக்கு 12 தையல், சுமார் இரண்டு சாண் நீளம். தையல் பிரிக்கும் சீம் ரிப்பரோடு ஜன்னலோரம் உட்கார்ந்ததுதான் தெரியும், வெளிச்சம் போன பிறகுதான் எழுந்தேன். எட்டிப் பார்த்த அண்ணி, “நேராப் போட்டுத் தைச்சிருந்தா இது வந்திருக்குமா?” என்று கேட்டுவிட்டுப் போனார். வந்திருக்கும், அண்ணி. ஆனால் சுருக்கம் விழுந்திருப்பது பின்துணியில்.

அதற்குப் பிறகு பழகிக்கொண்டவை சில. முதலில் குவில்ட்டை நேராகப் போட்டு, சதுரங்கள் சேரும் மூட்டுகளின் பள்ளத்திலேயே ஒரு சுற்றுத் தைத்துவிடுவேன், பார்டரைச் சுற்றியும். அடுக்குகள் நகராது. திருப்பிப் போட்டால் பின்பக்கத்தில் அதுவே வரைபடம்: இது பார்டர், இது நடுக்கட்டம் என்று கோடு காட்டிவிடும். இல்லாவிட்டால் பூவின் பாதி கட்டத்திலும் பாதி பார்டரிலும் போய் விழும். ஊக்குகளையும் பின்பக்கத்திலிருந்தே, கைமுஷ்டி இடைவெளியில் குத்துவேன். முன்பக்கம் குத்தினால் அவை மிஷின் தட்டில் உரசிக்கொண்டே வரும், கழற்றவும் கை எட்டாது. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை கையை அடியில் விட்டுத் தடவிப் பார்ப்பது மட்டும் இன்றுவரை நிற்கவில்லை.

பின்துணி தேர்வில் நான் கறார். பொடிப்பூ போட்ட துணி இதற்கு உதவாது, கண்தான் வலிக்கும். பெரிய உருவம், அழுத்தமான விளிம்பு வேண்டும். 108 அங்குல அகலத்தில் பின்துணிக்கென்றே விற்பது கிடைத்தால் நடுவில் மூட்டு விழாது. உருவம் ரொம்பப் பெரிதானால் இன்னொரு தொல்லை, தையல் விழாத வெற்றிடம் அதிகமாகிவிடும். எத்தனை அங்குலத்துக்கு ஒரு தையல் வேண்டும் என்று பஞ்சின் உறையிலேயே போட்டிருப்பார்கள். 8, 10 அங்குலம் தாங்குபவையும் உண்டு, 4 அங்குலம்கூடத் தாங்காதவையும் உண்டு. அதைப் படிக்காமல் தைத்த ஒரு குழந்தைப் போர்வையில் இரண்டே சலவையில் பஞ்சு மூலைக்குப் போய்க் கட்டி தட்டிவிட்டது. மின்கி என்ற புசுபுசுப்பான, இழுபடும் துணி பின்பக்கம் என்றால் நான் கவிழ்ப்பதே இல்லை.

என்னை இந்த முறையோடு கட்டிப்போட்டது வேறொன்று: தடித்த நூல். 8ஆம் எண் பேர்ல் காட்டன் ஊசிக் கண்ணில் ஓடாது, நார் நாராகப் பிரிந்து அறுந்துவிடும். அதையே பாபினில் சுற்றிக் கவிழ்த்துத் தைத்தால் முன்பக்கத்தில் கை எம்பிராய்டரிபோலப் புடைத்து நிற்கும். இதற்கென்று தனி பாபின் கேஸ் (பாபினைப் போட்டு வைக்கும் கூடு) ஒன்று வாங்கி, மாறிவிடாமலிருக்க நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைத்திருக்கிறேன். அதன் திருகைக் கால் சுற்று, கால் சுற்றாகத் தளர்த்த வேண்டும். அந்தத் திருகு எள் அளவுதான் இருக்கும், தட்டின்மேல் வைத்துத் திருப்புங்கள். என்னுடையது ஒருமுறை தெறித்து விழுந்து, துடைப்பத்தில்தான் அகப்பட்டது. தொடங்கும்போது பாபின் நூலை மேலே, அதாவது பின்பக்கத்துக்கு, இழுத்துக்கொள்ளுங்கள். முடிச்சுப் போட்டுப் பஞ்சுக்குள் ஊசியால் செருகிவிடலாம். முன்பக்கத்தில் முடிச்சே இருக்காது. ஆறு வருடத்தில் இந்தத் தடித்த கோடுகள் எப்படி இருக்கின்றன என்றால், தேய்ந்த இடம் ஒன்றுதான்: நாற்காலிக் கையில் உரசும் ஓரத்தில் கொஞ்சம் பிசிர் கிளம்பியிருக்கிறது.

இன்றைக்கும் தீராத எரிச்சல், பாபின் தீர்வது தெரியாததுதான். தடித்த நூல் பாபினில் கொஞ்சம்தான் கொள்ளும். மேலே ஊசி பாட்டுக்குக் குத்திக்கொண்டே போகும், அடியில் ஒன்றுமே இருக்காது. இப்போதெல்லாம் ஒரு பாபினுக்கு எத்தனை இலை வருகிறது என்று முதலிலேயே எண்ணிவிடுகிறேன். போன வாரத்துக் கணக்கு ஏழு. ஆறு முடிந்ததும் நிறுத்தி மாற்றிவிடுகிறேன்.

எழுத்துத் தைப்பதாக இருந்தால் மட்டும் ஒரு நிமிடம் நில்லுங்கள். இந்தப் பக்கம் எழுதியது அந்தப் பக்கம் கண்ணாடியில் பார்த்த மாதிரித் திரும்பிவிடும். அக்கா மகனின் பெயருக்காக நான் போட்ட ‘க’ அப்படித்தான் இடவலம் மாறி நிற்கிறது. பிரிக்கக் கொடு என்றால் தர மாட்டேன் என்கிறான்.