சென்ட்ரல் லாக் பழுது: மன்னார்குடியில் நான் நம்பிப் போகும் ஓர் எலக்ட்ரிக்கல் பட்டறை

கடந்த தை மாதம் சம்பா நெல்லை ஏற்றிக்கொண்டு கொள்முதல் நிலையத்துக்குப் போயிருந்தபோது, எஞ்சினை ஓடவிட்டு, சாவியை வண்டியிலேயே விட்டு இறங்கிக் கதவைச் சாத்தினேன். ஒரே சாவித் திருகலில் எல்லாக் கதவுகளையும் பூட்டும் சென்ட்ரல் லாக் உள்ள எங்கள் டபுள் கேபின் பிக்கப்பின் கதவுகள் மறுகணமே ‘டக்’கென்று தாமாகவே பூட்டிக்கொண்டன. பின்னால் வண்டிகள் வரிசையில் நிற்க, வீட்டிலிருந்து மாற்றுச் சாவி வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே இடப்பக்க முன்கதவு சில நேரம் பூட்டும், சில நேரம் பூட்டாது. பின்கதவு ஒன்றில் மோட்டார் ஓசை மட்டும் கேட்கும், பூட்டு அசையாது. வேறோர் இடத்தில் காட்டியபோது, கதவைத் திறந்துகூடப் பார்க்காமல், பூட்டுகளை இயக்கும் கண்ட்ரோல் யூனிட்டையும் நான்கு மோட்டார்களையும் சேர்த்து மாற்றிவிடச் சொன்னார்கள். மதிப்பீடு 9,000 ரூபாயைத் தாண்டியது.

மனம் ஒப்பாமல்தான் மாசியில் மன்னார்குடி–திருவாரூர் சாலையை ஒட்டியுள்ள இந்தச் சிறிய பட்டறைக்குப் போனேன். தகரக் கூரை, ஒரு மேசை, இரண்டு ஆட்கள், அவ்வளவுதான் கடை. ஆனால் அங்குள்ள எலக்ட்ரீஷியன் எதையும் கழற்றுவதற்கு முன் கேள்வி கேட்டார். எல்லாக் கதவுகளுக்கும் ஒரே கோளாறா, தனித்தனியா? கதவு திறந்திருக்கும்போது வேலை செய்து, சாத்தினால் நின்றுவிடுகிறதா? எல்லாக் கதவுகளும் ஒருசேர அடங்கிப்போனால் ஃபியூஸ், ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) அல்லது ஓட்டுநர் கதவில் தேட வேண்டும் என்றும், ஒரு கதவு மட்டும் முரண்டு பிடித்தால் அந்தக் கதவின் வயரிலோ மோட்டாரிலோதான் குறை இருக்கும் என்றும் விளக்கிய பிறகே ஃபியூஸைப் பார்த்தார். அது நன்றாகவே இருந்தது.

அடுத்து இடப்பக்க முன்கதவின் உட்புறத்தை மூடியிருக்கும் டோர் பேடைக் கழற்றி, மோட்டாருக்கு வரும் பிளக்கில் மீட்டரை வைத்தார். பூட்டுவதற்கான மின்சாரம் ஒரு நொடி கூட நீடிக்காது என்பதால், உதவியாளர் தம்பி ஓட்டுநர் கதவருகே நின்று அதன் பூட்டில் சாவியைத் திரும்பத் திரும்பத் திருகிக்கொண்டிருந்தார். மீட்டர் 12 வோல்ட் காட்டியது. மின்சாரம் வருகிறது, மோட்டார்தான் போய்விட்டது என்று நானே முடிவு கட்டியிருப்பேன். அவரோ, “மீட்டர மட்டும் நம்பாதீங்கண்ணே, லாம்ப் எரியுதான்னு பாப்போம்” என்று சொல்லி, 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை அதே இடத்தில் இணைத்தார். பல்பின் இழை மங்கலாகச் சிவந்ததோடு சரி. மீட்டர் இழுக்கும் மின்சாரம் மிக மிகக் குறைவு. வயருக்குள் ஒற்றை இழை மிஞ்சியிருந்தாலும் அதற்கு முழு வோல்ட் தெரியும். பல்புக்கோ ஏறத்தாழ 1.75 ஆம்பியர் வேண்டும்; மோட்டாருக்கு அதைவிடக் கூடுதலாக வேண்டும். இழைகள் அறுந்த வயர் அதைக் கொடுக்க முடியாது. இந்த ஒரு சோதனை எனக்குப் புது மோட்டார் ஒன்றின் விலையை மிச்சப்படுத்தியது. (ஏர்பேக், கணினி வயர்களில் இப்படிப் பல்பு வைக்கவே கூடாது என்பதையும் அவர் சொல்லத் தவறவில்லை.)

வயர் அறுந்த இடம் கதவுக் கீலின் அருகே இருந்தது. வண்டி உடலிலிருந்து கதவுக்குள் வயர்கள் செல்லும் மடிப்பு ரப்பர் குழாயை உருவிவிட்டு, ஒவ்வொரு வயரையும் இரு விரலால் மெல்ல இழுத்துப் பார்த்தார். மூன்றாவது வயர் ரப்பரைப் போல நீண்டது. மேலுறை முழுதாக இருக்க, உள்ளே செம்பு அறுந்து பச்சைக் களிம்பு பூத்திருந்தது. ஓட்டுநர் கதவின் குழாயில் வேறு விதமான கேடு: பூட்டும்படி சைகை கொடுக்கும் வயரின் மேலுறை தேய்ந்து, கதவின் இரும்பில் உரசிக்கொண்டிருந்தது. எங்கள் வண்டியில் அந்த வயர் எர்த்தை, அதாவது வண்டியின் இரும்பு உடலை, தொட்டாலே கண்ட்ரோல் யூனிட்டுக்குப் ‘பூட்டு’ என்று பொருள். கொள்முதல் நிலையத்தில் நடந்தது இதுதான்.

அவர் அந்த வயர்களை அறுந்த இடத்திலேயே முறுக்கி டேப் சுற்றிவிடவில்லை. கதவு திறக்கும்போதெல்லாம் மடங்கும் இடத்தில் சால்டர் (ஈயப் பற்று) வைத்தால் விறைத்து மறுபடி அறுந்துவிடும் என்பதால், புதிய மெல்லிழை வயர்த் துண்டுகளைக் குழாய் முழுதும் ஓடவிட்டு, ஓர் இணைப்பைக் கேபினுக்குள்ளும் மற்றொன்றைக் கதவுக்குள்ளும் வைத்துச் சால்டர் செய்து, மேலே ஸ்லீவ் எனும் காப்புக் குழாய் போட்டார். பின்கதவு மோட்டாரில் மட்டும் பல்சக்கரத்தின் பற்கள் உண்மையாகவே தேய்ந்திருந்தன. யூனிட்டுக்குச் சைகையும் அனுப்பும் ஐந்து வயர் மோட்டார் ஓட்டுநர் கதவுக்குத்தான் தேவை, இதற்கு இரண்டு வயர் மோட்டாரே போதும் என்று, விலை குறைந்ததையே போட்டார்.

நான் கேட்காமலே செய்த ஒரு வேலையையும் சொல்ல வேண்டும். கதவுகளின் அடியில் உள்ள வடிகால் துளைகள் பதரும் வைக்கோல் தூசியும் வண்டல் சேறும் சேர்ந்து அடைத்திருந்தன. கம்பியால் குத்தியதும் ஒரு டம்ளர் அளவுக்குக் கலங்கல் நீர் வடிந்தது. டோர் பேடுக்குப் பின்னால் கிழிந்திருந்த பாலிதீன் தாளையும் மாற்றி ஒட்டினார். டெல்டாவில் வயலுக்குள் இறங்கும் எந்த வண்டிக்கும் இது தேவையான கவனிப்பு.

மொத்தச் செலவு 1,850 ரூபாய். முழுப் பகல் ஆயிற்று. குறைகளும் உண்டு. டோர் பேடின் இரண்டு கிளிப்புகள் கழற்றும்போது உடைந்தன. மாற்றுக் கிளிப் இல்லாததால் மேடுபள்ளத்தில் இன்றும் அந்தப் பக்கம் கடகடக்கிறது. கம்ப்யூட்டர் ரசீது கிடையாது. நான் வற்புறுத்திய பின்பே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். போட்ட மோட்டார் கம்பெனி உதிரிப் பாகம் அன்று, அதற்கு உத்தரவாதமும் இல்லை. அறுவடைக் காலத்தில் கூட்டம் அதிகம் என்பதால் அவசரக்காரர்களுக்கு இந்த இடம் ஒத்துவராது.

ஐப்பசி, கார்த்திகை மழை முழுவதும் வண்டி வெட்டவெளியில்தான் நின்றது. நான்கு கதவுகளும் ஒரே திருகலில் பூட்டுகின்றன, திறக்கின்றன. போகிறவர்கள் காலை ஒன்பது மணிக்குள் போய்ச் சேருங்கள். கதவு எந்த நிலையில் இருக்கும்போது கோளாறு வருகிறது என்பதை வீட்டிலேயே இரண்டு நாள் கவனித்து வைத்துக்கொண்டு சொன்னால், அவர் தேடும் நேரம் பாதியாகக் குறையும்.