டயர் மாற்றினால் வீல் கப் மாட்டும் முன் நட்டைப் பாருங்கள்

போன வாரம் கும்பகோணத்தில் காருக்குப் பின் டயர் இரண்டும் புதிதாகப் போட்டேன். கடைப் பெயர் வேண்டாம். ஏசி அறை, காபி எல்லாம் உள்ள பெரிய கடைதான். கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பையன் இடது சக்கரத்தை மாட்டி நான்கு நட்டையும் விரலால் சுற்றிவிட்டான். ஏர் கன்னால் இரண்டை முடுக்கினான். அதற்குள் முதலாளி கூப்பிட, அடுத்த காருக்குப் போய்விட்டான். திரும்பி வந்தவன் நேராக, நட்டுகளை மூடும் வீல் கப்பைத் தட்டிப் பொருத்தி, ஜாக்கியை இறக்கினான். பார்த்தேன், மண்டையில் ஏறவில்லை. காபி நன்றாக இருந்தது.

மன்னார்குடிக்குப் புறப்பட்டேன். வலங்கைமான் தாண்டியதும் பின்னால் கலகலவென்று சத்தம். வேகம் கூட்டினால் அடங்கியது. டயரில் ஜல்லி சிக்கியிருக்கும் என்று விட்டுவிட்டேன். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் வழக்கம்போல நிறுத்தம். கேட் திறந்து வண்டிகள் ஊர்ந்தபோது, பின்னால் வந்த நெல் லாரிக்காரர் ஹாரன் அடித்துக் கத்தினார்: "அண்ணே, இடது பின் வீலு ஆடுது, ஓரங்கட்டுங்க!"

வீல் கப்பை நெம்பினேன். ஒரு நட்டு கழன்று என் உள்ளங்கையில் விழுந்தது. மெதுவாகப் போகும்போது கப்புக்குள் உருண்டது அதுதான். வேகத்தில் ஓரமாக ஒட்டிக்கொள்ளும், சத்தம் வராது. இன்னொன்று விரலாலேயே சுழன்றது. டயர் உட்காரும் இரும்பு டிஸ்க்கில் நட்டுக்கான ஓட்டை ஒன்று நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தது.

கடைக்குப் போன் போட்டேன். "பள்ளத்துல விட்டிருப்பீங்க சார்" என்றார்கள். அப்புறம், "50 கிலோமீட்டர்ல வந்து டைட் பண்ணணும்னு சொல்லலையா?" சொல்லவில்லை. நான் ஓட்டியதே 25 கிலோமீட்டர் இருக்காது. அவர்கள் சொன்னது உண்மைதான், மறுபடி முடுக்கத்தான் வேண்டும். ஆனால் அது முதலிலேயே ஒழுங்காக முடுக்கிய நட்டுக்கு!

நீடாமங்கலம் மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றிக் காட்டினார். டிஸ்க் உட்காரும் முகத்தில் காய்ந்த வயல் சேறு அப்படியே இருந்தது. சேற்றுக்கு மேல் முடுக்கினால், ஓட ஓட அது உதிர்ந்து நட்டு தளரும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டுத்தான் மாட்டினார். எதிரெதிர் நட்டாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கி, டயர் தரையில் பதிந்த பிறகு, இறுக்கத்தை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்சில் முடித்தார். என் வண்டிக் கையேட்டில் அந்த இறுக்க அளவு 85 நியூட்டன் மீட்டர். ஏர் கன்னில் கண்டபடி இறுக்கினாலும் வம்புதான்: போல்ட்டு இழுபடும், நடுவழியில் பஞ்சர் ஆனால் வண்டியில் இருக்கும் ஸ்பானருக்கு நட்டு அசையாது.

டயர், பஞ்சர், பிரேக் என்று எதற்காகச் சக்கரத்தைக் கழற்றினாலும் எழுந்து பக்கத்தில் போய் நில்லுங்கள். வீல் கப் மாட்டும் முன் ஒவ்வொரு நட்டிலும் ஸ்பானர் வைக்கச் சொல்லுங்கள். 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் இன்னொரு தடவை சரிபாருங்கள்.

டிஸ்க்கும் போல்ட்டும் மாற்றிய செலவைக் கேட்டு அந்தக் கடைக்கு மூன்று முறை போன் செய்துவிட்டேன். எடுக்கவில்லை.