ஃபிரான் போவா, ஹாப்ஸ் பேரோவா?

பயமுறுத்தும் கணினி விளையாட்டு வேண்டும், ஆனால் ஓடிச் சுடக் கை வராது என்பவர்களுக்கு இந்த இரண்டும் சரிப்படும். மவுஸும் பொறுமையும் போதும்.

கதை
ஃபிரான் போ (2015): பெற்றோரைக் கொலைக்குப் பறிகொடுத்த சிறுமி மனநலக் காப்பகத்தில் இருக்கிறாள். மாத்திரை போட்டதும் அதே அறைச் சுவரில் ரத்தம் வழிகிறது, மூலையில் கறுப்பு உருவங்கள் நிற்கின்றன. புதிர்க்கான துப்பும் அங்கேதான், மாத்திரை போடாமல் தப்ப முடியாது!
தி எக்ஸ்கவேஷன் ஆஃப் ஹாப்ஸ் பேரோ (2022): விக்டோரியா கால இங்கிலாந்து. பழைய புதைமேட்டைத் தோண்ட வரும் தாமசினாவைக் கடிதம் எழுதி வரவழைத்த ஆளையே காணோம்.

கை வேகம்
ஃபிரான்: நடுவில் சில குட்டி விளையாட்டுகள் உண்டு, தாண்டிப் போய்விடலாம்.
ஹாப்ஸ்: அதுகூட இல்லை.

பயம்
ஃபிரான்: முதல் அத்தியாயத்திலேயே குடலைப் புரட்டும்.
ஹாப்ஸ்: முதல் பாதி ஊர்வம்பு கேட்பதிலேயே போகும். பயம் மெல்லத்தான் ஏறும்.

மொழி
ஃபிரான்: எழுத்து மட்டும், நிதானமாக வாசிக்கலாம்.
ஹாப்ஸ்: முழுக்கக் குரல் நடிப்பு. ஆனால் நாட்டுப்புற ஆங்கிலம், எழுத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரத்தம் ஒத்துக்கொள்ளாதவர்கள் ஹாப்ஸ் பேரோவை எடுங்கள். விசித்திரமான புதிர்களை ரசிப்பவர்களுக்கு ஃபிரான். குழந்தை வரைந்தது போன்ற படங்களை நம்பிப் பிள்ளைகளிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.