ஒவ்வொரு முறையும் அந்த மிப்மேப்

கேம்களுக்கு மாட் செய்ய, அதாவது கேமின் கோப்புகளைத் தன் விருப்பப்படி மாற்ற, தொடங்கும் நண்பர் ஒருவர், "நீங்கள் வைத்திருக்கும் பட எடிட்டரையே நானும் போட்டுக்கொள்ளட்டுமா?" என்று கேட்டார். சட்டென்று ஆமாம் என்று வாயில் வரவில்லை. மூன்று வருடமாக டெக்ஸ்சர் வேலை, அதாவது கேமில் பொருள்களின் மேல் போர்த்தும் படங்களைச் செய்வது, எல்லாம் அதில்தான் பார்க்கிறேன். இலவசம், லேயர் உண்டு, கேம்கள் டெக்ஸ்சருக்குப் பயன்படுத்தும் டிடிஎஸ் கோப்பைத் தனி பிளக்இன் இல்லாமலே திறக்கும். இதெல்லாம் அவருக்கே தெரியும். எனக்குச் சொல்ல இருப்பது, சேமிக்கும்போது திறக்கும் அந்தச் சின்னப் பெட்டியைப் பற்றித்தான்.

அதில் மிப்மேப் என்று ஒரு தேர்வு. எப்போது திறந்தாலும் 'வேண்டாம்' என்றே வந்து நிற்கும். நேற்று மாற்றியிருந்தாலும் இன்று மறுபடி அதே. மிப்மேப் என்பது ஒரே படத்தின் சின்னச் சின்னப் பிரதிகள்: 2048, 1024, 512 என்று பாதி பாதியாகக் குறைந்து ஒரு பிக்சல் வரை போகும். பொருள் தூரத்தில் இருந்தால் கேம் சின்னதை எடுத்துக்கொள்ளும். கோப்பின் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடும், அவ்வளவுதான். அது இல்லாமல் போனாலும், பக்கத்தில் நின்று பார்த்தால் குறை ஒன்றும் தெரியாது. ஒரு சங்கிலிக் கவசத்துக்கு இரண்டு நாள் உட்கார்ந்து வளையம் வளையமாகத் துரு ஏற்றினேன். கேமில் கொஞ்சம் தள்ளிப் போய்ப் பார்த்தால், கவசம் முழுக்க எறும்பு ஊர்கிற மாதிரி மினுமினுப்பு. வெளிச்சமா, மேடு பள்ளத்தைச் சொல்லும் நார்மல் மேப் படமா என்று ஒரு மாலை முழுக்கத் தேடினேன். கடைசியில் பார்த்தால் இந்தத் தேர்வு. போன வாரமும் அதே கதை. மூன்று வருடம் கழித்தும் ஒரு பெட்டி என்னை இப்படி அலையவிடுகிறதே என்று கோபம்தான் வருகிறது.

சரி, நல்லதையும் சொல்ல வேண்டும். படத்தில் நிறங்களோடு கூடவே வரும், வழக்கமாக ஒளிபுகும் அளவைச் சொல்லும் ஆல்ஃபா சேனலை இது கையாளும் விதத்துக்கு ஈடாக வேறெதையும் நான் பார்த்ததில்லை. பெயர்தான் ஆல்ஃபா, பல கேம்களில் அதற்கும் ஒளிபுகுவதற்கும் சம்பந்தமே இருக்காது. ஸ்கைரிம் என்ற கேமில் நார்மல் மேப்பின் ஆல்ஃபா, எந்த இடம் எவ்வளவு பளபளக்க வேண்டும் என்பதைச் சொல்கிறது. அதைச் சும்மா திறந்தால் பாதிப் படம் அழிந்துபோனது போலத் தெரியும். இந்த எடிட்டரில் ஆல்ஃபாவை லேயர் மாஸ்க்காக (லேயரில் எது எவ்வளவு தெரிய வேண்டும் என்று குறிக்கும் படமாக) மாற்றிவிட்டால், பளபளப்பு மட்டும் ஒரு கருப்பு வெள்ளைப் படமாகத் தனியே கைக்கு வந்துவிடும். ஒரு தலைக்கவசத்தின் தேய்ந்த விளிம்பில் மெல்லிய தூரிகையால் லேசாக வெள்ளை இழுத்தேன். கேமில் தீப்பந்தம் பக்கத்தில் போனதும் அந்த விளிம்பு மட்டும் வெளிச்சத்தைப் பிடித்தது. நிறத்தில் கை வைக்காமலே இரும்பு இரும்பாகிவிட்டது. அன்று அந்தப் பந்தத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தேன்.

அப்புறம், சுருக்குவது. 2048க்கு 2048 படம் சுருக்காமல் இருந்தால் 16 எம்பி. டிடிஎஸ்ஸில் சுருக்கும் முறைகளில், பிசி7இல் 4, பிசி1இல் 2. பிசி1 நான்குக்கு நான்கு பிக்சல் கட்டத்துக்கு இரண்டு நிறங்களை மட்டும் வைத்துக்கொண்டு, இடையில் வருவதைக் கணக்குப் போட்டு நிரப்புகிறது. அதனால் மென்மையான நிழல்கள் பட்டை பட்டையாக உடையும். டிடிஎஸ்ஸைத் திறந்து திருத்தி மறுபடி சேமிக்கும் ஒவ்வொரு முறையும் படம் இன்னும் கொஞ்சம் கெடும். லேயர்களோடு உள்ள மூலக் கோப்பைத் தனியாக வைத்துக்கொள்வது கட்டாயம்.

ஐந்துக்கு நாலரை கொடுக்கலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் நண்பரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எனக்காவது மினுமினுப்பைப் பார்த்தால் எங்கே தேட வேண்டும் என்று இப்போது தெரியும். முதல் டெக்ஸ்சரைக் கேமில் போட்டுப் பார்ப்பவர், தான் வரைந்ததுதான் மோசம் என்று நினைத்து மூடி வைத்துவிடுவார். இதிலேயே வரைந்தே தீருவேன் என்றால், டிஜிஏ என்ற சாதாரணப் படக் கோப்பாகச் சேமித்து டெக்ஸ்கான்வ் வழியாக டிடிஎஸ் ஆக்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். அது கட்டளை வரியில் ஓடும் கருவி, பார்க்க ஒன்றும் இருக்காது. ஆனால் மிப்மேப்பை யாரும் கேட்காமலே கடைசிப் பிக்சல் வரை போட்டுவிடும்.